உளியின் உரிமை

“நாதசுரம் தேவர் தந்த கருவி” என்பர் புராணிகர். அதைக் கடையும் கைக்குத் தேவதச்சன் விசுவகர்மாவின் அருள் உண்டு என்பர். கேட்போரும் கன்னத்தில் போட்டுக்கொள்வர். அந்தக் கைக்குக் கூலி என்ன என்று கேளுங்கள், அவையிலே மௌனம்! தொழிலைத் தெய்வமாக்கிவிட்டால் தொழிலாளியை மறப்பது எளிதன்றோ? அதனாற்றான் இத்தகைய தோற்றக் கதைகளை நாம் ஏற்க மறுக்கிறோம்.

தோற்றத்தைத் தேட வானுலகம் செல்வானேன்? தஞ்சை மாவட்டத்து நரசிங்கன்பேட்டைக்குச் செல்வோம். அங்கே பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத் தூணும் உத்திரமும் நாதசுரமாகின்றன. பச்சை மரம் காயும்போது வெடிக்கும், வளையும். ஆண்டுகள் பல கண்டு ஈரம் வற்றிய மரமே சுருதி பிசகாது நிற்கும். இதை எந்த அசரீரியும் சொல்லவில்லை. வெடித்த மரங்களைக் கண்டு கண்டு மனிதன் கற்றான். மரத்தைக் கடைந்து, நடுவே துளையிட்டு, மேலே குறுகிக் கீழே விரியும்படி குடைகிறான். விரல் வைக்க ஏழு துளைகள். அவற்றின் கீழே மேலும் ஐந்து. அந்த ஐந்தை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்வர். அவற்றுக்குப் பெயரோ பிரம்மசுரம்! துளையிட்டவன் தச்சன், பெயர் பெற்றவன் பிரம்மன். இதுதானே நம் நாட்டு நீதி!

அன்று வழங்கியது திமிரி நாயனம். குட்டையானது, சுருதி உயர்ந்தது. அதில் சுத்த மத்திமம் நேரே பிறக்காது. ஊதுவோர் உதட்டால் ஈடுகட்ட வேண்டும். திருவாவடுதுறை டி.என். இராசரத்தினம் (1898–1956) அந்தக் குறையோடு அமைதி கொள்ளவில்லை. மேல்துண்டை இடுப்பில் கட்டி நின்றே ஊதவேண்டுமென்ற வழக்கத்தை மீறி, கோட்டணிந்து மேடையில் அமர்ந்து ஊதிய கலைஞரல்லவா அவர்! நரசிங்கன்பேட்டை இரங்கநாதன் ஆசாரி அவருக்காக உழைத்தார். நீளம் கூட்டி, துளைகளின் இடம் மாற்றி, நீண்டு தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாரி நாயனத்தை உருவாக்கினார். சுத்த மத்திமம் சுத்தமாகப் பிறந்தது. இன்று கச்சேரி மேடைகளில் முழங்குவது அந்தப் பாரியே.

தேவர் தந்தது குறையற்றதாயின், திருத்துவதற்கு ஓர் ஆசாரி எதற்கு? புராணிகர் விடை கூறட்டும்!

இன்னொரு கூட்டத்தார் இருக்கின்றனர். அவர்கள் புராணம் பேசார், ‘பரம்பரை’ பேசுவர். “இரத்தத்தில் ஊறிய கலை, ஆசாரி மகன் உளி பிடித்தாற்றான் அழகு” என்று உருகுவர். தம் மகனை மட்டும் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவர்! 1953-இல் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்று வந்த திட்டமும் இந்த உருக்கத்தின் குழந்தைதான். நாட்டின் எதிர்ப்பால் 1954-இல் அது வீழ்ந்தது. உருக்கம் இன்னும் வீழவில்லை.

கலை இரத்தத்தில் ஊறுவதன்று, பயிற்சியில் விளைவது. இரத்தத்தில் இருந்திருப்பின் இரங்கநாதன் ஆசாரி ஆராய்ந்து அளந்திருக்கத் தேவையில்லை. ஒரு குடும்பத்துள் அடைபட்ட அறிவு, அக்குடும்பத்துப் பிள்ளை வேறு வேலை தேடிச் சென்றதும் அழியும். அவன் செல்வது குற்றமா? இல்லை, அது அவனது உரிமை. அறிவைப் பொதுவாக்காத சமுதாயமே குற்றவாளி.

2022-இல் நரசிங்கன்பேட்டை நாதசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்கிறோம். ஆனால், குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். உலையில் அரிசி போடாது.

ஆகவே, தோழர்களே, நாம் கேட்பது இது. துளையின் அளவும் மரத்தின் பக்குவமும் நூலாகட்டும். இசைக் கல்லூரிகளில் ஊதக் கற்பிப்பதோடு கடையவும் கற்பிக்கட்டும். கற்பிக்கும் ஆசாரிக்கு ஆசிரியருக்குரிய ஊதியமும் நாற்காலியும் தரட்டும். எச்சாதிப் பிள்ளையும், ஆணாயினும் பெண்ணாயினும், அந்தப் பட்டறையில் நுழையட்டும். இடிக்கும் வீடுகளை நம்பியிராமல் ஆச்சா மரங்களை நட்டு வளர்க்கட்டும். நாளை திருமண வீட்டில் நாயனம் கேட்கும்போது, ஊதியவர் யாரென்று கேட்கும் நாம், செய்தவர் யாரென்றும் கேட்போம்!