பையில் ஒரு பேனாக்கத்தி



ஒரு நாளில் நாம் எத்தனை முறை எதையேனும் வெட்டுகிறோம் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. காலையில் பால் உறையின் முனையை நறுக்குகிறோம். அஞ்சலில் வந்த கடிதத்தைப் பிரிக்கிறோம். அரிசி மூட்டையின் தையல் நூலை அறுக்கிறோம். பிள்ளையின் பென்சிலைச் சீவுகிறோம். மாலையில் பழம் நறுக்குகிறோம். பீடத்துக்கு வைக்கும் பூக்களின் காம்பைக் கத்தரிக்கிறோம். இவ்வேலைகளுக்கெல்லாம் பெரும்பாலும் நாம் நாடுவன பல், நகம், சாவி, பழைய சவரத் தகடு ஆகியவையே. பல் கூசுகிறது, நகம் கிழிகிறது, தகடு விரலைப் பதம் பார்க்கிறது. விரல் நீளமுள்ள மடக்குக் கத்தி ஒன்று கையில் இருப்பின் இத்தனையும் நொடியில் முடியும்.

எனினும் கத்தி என்ற சொல்லே நம் இல்லங்களில் ஓர் அச்சத்தை எழுப்புகிறது. அதனை உயரத்து அலமாரியில் ஒளித்து வைப்பதே பாதுகாப்பு என்று கருதுகிறோம். ஒளித்து வைத்த கத்தி துருப்பிடிக்கிறது. வளரும் பிள்ளையின் கையோ பழக்கமின்றி நிற்கிறது. ஒருநாள் அவசரத்தில் அந்தத் துருப்பிடித்த கத்தியும் பழகாத கையும் சந்திக்கின்றன. காயம் பிறப்பது அங்கேதான். எனவே ஒளித்து வைத்தல் நன்றா, பேணிப் பழக்குதல் நன்றா என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

பேனாக்கத்தி என்னும் பெயர் எங்ஙனம் வந்தது? மேனாட்டார் இறகினால் எழுதிய காலத்தில், வாத்திறகின் முனையைச் சீவிக் கூராக்கவும், தேய்ந்தபோது மீண்டும் சீவவும் சிறு கத்தி ஒன்றை அருகிலேயே வைத்திருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் எஃகு முனைகள் பெருவாரியாகச் செய்யப்படவே, இறகு மறைந்தது; கத்தியோ பழைய பெயருடன் சட்டைப்பையில் தங்கிவிட்டது. நம் முன்னோரும் இதற்குப் புதியவர் அல்லர். பனையோலையில் எழுதிய நாளில் மடக்கெழுத்தாணி என்றொரு கருவி வழங்கியது. ஒரு புறம் எழுத்தாணியும் மறுபுறம் ஓலை வாரும் கத்தியுமாக இரண்டும் ஒரே கைப்பிடிக்குள் மடங்கிக் கிடக்கும். எழுதும் கைக்கு வெட்டும் கருவி உற்ற துணையாய் இருந்தது இரு நிலத்துக்கும் பொதுவாகும்.

இத்தகைய எளிய கத்திகளுள் உலகறிந்த ஒன்றின் வரலாற்றைச் சற்றே காண்போம். பிரான்சு நாட்டின் கிழக்கெல்லையில், ஆல்ப்ஸ் மலைச்சாரலில், சவாய் என்னும் வட்டாரம் உள்ளது. அங்கே வெட்டுக்கருவிகள் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர் ஜோசப் ஒப்பினெல். அவர் 1890ஆம் ஆண்டில், தமது 18ஆம் வயதில், மரப்பிடிக்குள் மடங்கும் சிறு கத்தி ஒன்றை உருவாக்கினார். அடுத்த ஆண்டாகிய 1891இல், சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் என்பார் தம் நாட்டுப் படைவீரர்க்கெனக் கத்தி, துளையிடும் ஊசி, டப்பாத் திறப்பான், திருப்புளி ஆகிய நான்கும் அடங்கிய கத்தியை வழங்கத் தொடங்கினார். பலவற்றை ஒன்றில் அடக்கியது சுவிஸ் கத்தி. ஒரே அலகை மட்டும் வைத்து அதைச் செம்மையாகச் செய்தது ஒப்பினெல் கத்தி. உழவரும் ஆயரும் அதனைப் பையில் இட்டுச் சென்றனர். காலையில் திராட்சைக் கொடியை வெட்டிய அதே கத்தியை நன்கு துடைத்து, நண்பகலில் ரொட்டியையும் பாலாடைக் கட்டியையும் அறுத்தனர்.

1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்ட பன்னிரண்டு அளவுகளில் அக்கத்திகள் வெளிவந்தன. 1ஆம் எண்ணும் 11ஆம் எண்ணும் பின்னர் கைவிடப்பட்டன. 8ஆம் எண்ணின் அலகு 8.5 சென்டிமீட்டர் நீளமுடையது. பையில் உறுத்தாத சிறுமையும் பழத்தை முழுதாய் அறுக்கும் நீளமும் ஒருங்கே அமைந்திருப்பதால், அன்றாட வேலைக்கு அதுவே ஏற்றதெனப் பலரும் கொள்கின்றனர்.

அக்கத்தியின் அலகில் ஒரு முத்திரையைக் காணலாம். முடி சூடிய கை ஒன்று ஆசி வழங்கும் பாவனையில் விரல்களை உயர்த்தி நிற்கும். பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் சார்லஸ், கத்தி செய்வோர் ஒவ்வொருவரும் தத்தம் முத்திரையைப் பொறிக்க வேண்டும் என 1565இல் ஆணையிட்டிருந்தார். அவ்வழக்கைத் தழுவி 1909இல் ஜோசப் இம்முத்திரையைத் தேர்ந்துகொண்டார். இது அவரது ஊருக்கு அண்மையிலுள்ள சான் ஜான் தெ மொரியேன் நகரின் சின்னத்திலிருந்து எடுக்கப்பட்டது. புனித ஸ்நாபக அருளப்பரின் பெயரையே தாங்கிய நகர் அது. அப்புனிதரின் விரல்கள் அந்நகருக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே பேணப்பட்டு வருவதாக மரபு கூறும். முடியோ சவாய்ச் சிற்றரசைக் குறிப்பது. வெட்டும் அலகின்மேல் ஆசியளிக்கும் விரல்கள்! தற்செயலாய் அமைந்த பொருத்தமே ஆயினும் சிந்திக்கத்தக்கது.

மடக்குக் கத்திக்கு ஒரு குறை உண்டு. அழுத்தி வெட்டும்போது அலகு பின்வாங்கி, பிடித்திருக்கும் விரல்மேலேயே மடங்கக்கூடும். இதனைத் தடுக்க ஜோசப்பின் மகன் மார்செல் 1955இல் ஒரு வழி கண்டார். பிடியின் கழுத்தில் பிளவுபட்ட உலோக வளையம் ஒன்றைச் சேர்த்தார். அலகை விரித்து வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது நிற்கும். பிற்காலத்தில் மூடிய நிலையிலும் பூட்டும்படி அது திருத்தப்பட்டது. அலகு, பிடி, ஆணி, இரு வளையங்கள் என ஐந்தே உறுப்புகள்! கருவி செய்தவர் பிறர் விரலைப் பற்றி எண்ணினார் என்பதற்கு அவ்வளையமே சான்று.

ஆனால் செய்தவர் எண்ணியது போதாது. வைத்திருப்பவரும் எண்ண வேண்டும். சிறு கத்தியை நாம் நம்பியிருக்க வேண்டுமாயின், அது நம்மிடம் சிலவற்றை எதிர்பார்க்கிறது.

முதலாவது, கூர்மை. மழுங்கிய கத்தி விரலை வெட்டாது என்று நினைப்போர் உளர். உண்மை இதற்கு நேர்மாறானது. கூரிய கத்தி மெல்லிய அழுத்தத்திலேயே பொருளுள் இறங்கும். மழுங்கிய கத்தியை வலிந்து அழுத்த நேரிடும். அது பொருளில் இறங்காமல் வழுக்கி, அந்த வலிமை முழுவதோடும் கையில் பாயும். ஆகவே மாதம் ஒருமுறையேனும் சாணைக்கல்லில் தீட்டுதல் நலம். கல்லை நனைத்து, அலகு கல்லோடு ஏறத்தாழ 20 பாகைச் சாய்வில் நிற்குமாறு முதுகை உயர்த்தி, இரு புறமும் சம எண்ணிக்கையில் இழுக்க வேண்டும். கல் இல்லையெனில் பீங்கான் கோப்பை ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெருகிடாத சொரசொரப்பான வளையம் தென்படும். அவசரத்துக்கு அதுவே சாணை. மேலும் பீங்கான் தட்டின்மீதும் கருங்கல் மேடைமீதும் வைத்து நறுக்கினால் கூர் விரைவில் கெடும். மரப்பலகையே கத்திக்கு நண்பன்.

இரண்டாவது, தூய்மை. கயிற்றை அறுத்த கத்தியால் கழுவாமல் பழத்தை நறுக்கலாகாது. எலுமிச்சை, வெங்காயம் முதலியவற்றின் சாறு பட்டதும் உடனே கழுவித் துடைக்க வேண்டும். துருப்பிடிக்கும் எஃகாயின் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி வைக்கலாம். மரப்பிடியை நீரில் ஊறவிடலாகாது. மரம் ஊறினால் பருத்து அலகை இறுகப் பற்றிக்கொள்ளும், திறப்பது கடினமாகும். அப்போது சவாய் நாட்டார் பிடியின் அடிமுனையை மேசையில் தட்டுவர். அலகு சற்றே வெளியே எழும்பும்.

மூன்றாவது, எல்லையறிதல். சிறு கத்தி தேங்காய் உடைக்காது, எலும்பு வெட்டாது. அவற்றுக்கு அரிவாள் இருக்கிறது. திருகாணியை முடுக்கவும், ஆணியை நெம்பவும், தகர டப்பாவைக் குத்தித் திறக்கவும் அதனைப் பயன்படுத்தினால் முனை ஒடியும். பூட்டில்லாத கத்தியாயின் விரல்மேல் மடங்கும். தனக்குரிய வேலையில் மட்டும் ஈடுபடுத்தப்படும் கருவியே நெடுநாள் உழைக்கும்.

நான்காவது, கையின் இடம். நம் அரிவாள்மனையில் அலகு அசையாது நிற்கும். இரு கைகளும் காயைப் பற்றி அதனிடம் கொண்டு செல்லும். கைக்கத்தியிலோ ஒரு கை பொருளைப் பற்ற, மறு கை அலகைச் செலுத்துகிறது. பற்றியிருக்கும் கையே பெரும்பாலும் காயமுறுகிறது. எனவே அந்தக் கை எப்போதும் அலகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வெட்டும் திசை உடலை விட்டு அகல வேண்டும். பிறருக்குக் கொடுக்கும்போது மடக்கிக் கொடுப்பதே முறை.

இனி, பிள்ளைகள். எந்த வயதில் கத்தியைக் கொடுக்கலாம் என்று பெற்றோர் வினவுவர். வயதைவிடப் பொறுமையே அளவுகோல். சொன்னதைக் கேட்டு, அமர்ந்த இடத்தில் அமர்ந்து, தொடங்கியதை முடிக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் அருகிருந்து கற்பிக்கலாம். சிறுவர்க்கென முனை மழுங்க வளைத்த கத்தியையும் ஒப்பினெல் நிறுவனத்தார் செய்கின்றனர். முதலில் வாழைப்பழம், பின்னர் வெள்ளரிக்காய், அதன்பின் சலவைச் சோப்பில் ஒரு மீனோ பறவையோ செதுக்குதல், இறுதியில் பென்சில் என்று படிப்படியாகப் பழக்கலாம். சாரணர்க்குக் கற்பிக்கும் விதி ஒன்றும் உண்டு: கையை நீட்டிச் சுற்றினால் எட்டும் வட்டத்துக்குள் வேறு எவரும் இருக்கலாகாது. எவரேனும் நெருங்கினால் கத்தியை மடக்கிவிட வேண்டும். இவ்விதியைப் பயின்ற பிள்ளை வெட்டக் கற்பதோடு, தன் கையிலுள்ள ஆற்றலால் அயலானுக்குத் தீங்கு நேராது காக்கவும் கற்கிறது. பள்ளிக்கு மட்டும் கத்தியைக் கொண்டு செல்ல விடாதீர்கள்.

சிறு காயம் நேர்ந்தால் பதற வேண்டாம். ஓடும் தூய நீரில் கழுவி, தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். காப்பித்தூளையும் சுண்ணாம்பையும் அப்புவது தவறு. இரத்தம் நில்லாவிடினும், காயம் ஆழமாயினும் மருத்துவரை நாடுங்கள். டெட்டனஸ் நோயை விளைப்பது துரு அன்று. மண்ணிலும் அழுக்கிலும் வாழும் கிருமியே. தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை மருத்துவரிடம் கூறுங்கள்.

பயணம் செல்வோர்க்கு ஒரு சொல். விமானத்தில் கைப்பையினுள் கத்திக்கு இடமில்லை. 2001 செப்டம்பர் 11ஆம் நாள் அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதல்களுக்குப் பின் இவ்விதி உலகெங்கும் கடுமையாயிற்று. விமானத்தாரிடம் ஒப்படைக்கும் பெட்டியில் அதனை வைத்துவிடுங்கள்.

ஒரு பொருளை நம்புவது என்பது அதனை மறந்துவிடுவது அன்று. தீட்டி, துடைத்து, எல்லையறிந்து பயன்படுத்துவோருக்கே அது கைகொடுக்கிறது. வரும் ஞாயிறன்று சற்று ஓய்வு கிடைக்கும்போது, அலமாரியில் உறங்கும் கத்தியை எடுத்துத் தீட்டுங்கள். உங்கள் பிள்ளையை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். முதலில் ஒரு பழத்தை நறுக்கி அனைவர்க்கும் பகிரச் சொல்லுங்கள்.