சிகிச்சைக்குக் கெடு வைக்கும் சட்டம்

கருவிலிருக்கும் குழந்தையைக் காக்கவே தாயைத் தண்டிக்க வேண்டும் என்னும் வாதம் போதைப்பொருள் கொள்கை விவாதங்களில் ஓயாமல் ஒலிக்கிறது. அறச்சீற்றம்போல் தோன்றும் அவ்வாதம், நடைமுறையில் இருவரையுமே மருத்துவரிடமிருந்து விரட்டுகிறது.

இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (என்.டி.பி.எஸ்.) போதைப்பொருளை உட்கொள்வதையே குற்றமாக்குகிறது. ஹெராயின் உட்கொண்டால் 27ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. 64ஏ பிரிவு ஒரு சலுகை தருகிறது: அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த நிலையத்தில் தாமே முன்வந்து சிகிச்சை பெறுவோருக்கு வழக்கிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் போதை மீட்புச் சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம்.

இங்கேதான் சட்டம் மருத்துவத்தோடு மோதுகிறது. ஹெராயினுக்கு அடிமையான கர்ப்பிணிக்கு உடனே போதையை நிறுத்த முயல்வதைக் காட்டிலும், மெத்தடோன் அல்லது புப்ரெனார்ஃபின் மருந்தைத் தொடர்ந்து அளிப்பதையே உலக சுகாதார நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது. திடீரென நிறுத்தினால், பழைய பழக்கத்துக்கே திரும்பும் அபாயம் மிகுதி. கர்ப்பிணியின் உடல் தொடர்ச்சியைக் கேட்கிறது. சட்டமோ முடிவுத் தேதியைக் கேட்கிறது.

மருத்துவமனையும் காவல்துறையும் கைகோத்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் சாட்சி. அங்கிருந்த பொது மருத்துவமனை ஒன்று 1989 முதல் கர்ப்பிணிகளின் சிறுநீரைப் பரிசோதித்து, முடிவுகளைக் காவல்துறைக்கு அளித்தது. கைதான 30 பெண்களில் 29 பேர் கறுப்பினத்தவர். ஒப்புதலின்றி நடத்தப்படும் இத்தகைய சோதனை அரசியலமைப்புக்கு முரணானது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. இந்தியாவிலும் அத்தகைய வலையில் முதலில் சிக்குபவள், அரசு மருத்துவமனையைத் தவிரப் போக்கிடமற்ற ஏழைப் பெண்ணாகவே இருப்பாள்.

குழந்தையின் நலனுக்கு மதிப்பில்லையா என்பார்கள். உண்டு, அந்த நலன் தாய் தவறாமல் பரிசோதனைக்கு வருவதில் அடங்கியிருக்கிறது. விலங்குக்கு அஞ்சுபவள் வரமாட்டாள். வந்தாலும் உண்மையைச் சொல்லமாட்டாள். உண்மை தெரியாத மருத்துவர் எதற்கு மருந்து தருவார்?

ஆகவே, உட்கொள்வதற்கான தண்டனை நீங்க வேண்டும். 64ஏ பிரிவின் நிபந்தனை அகல வேண்டும். ஊசிவழிப் போதைப்பொருள் பயன்படுத்துவோருக்காக இயங்கும் மாற்றுமருந்துச் சிகிச்சை, மகப்பேறு பிரிவுகளிலும் கிடைக்க வேண்டும். ஒப்புதலின்றி எந்தச் சோதனையும் கூடாது. இவற்றைக் கோராமல் 'சிசு நலன்' பேசும் ஆய்வுகள் தண்டனைக்கே முன்னுரை எழுதுகின்றன.