நோயாளி வீட்டுக்கு வந்த பிறகு...

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியவருக்குப் பக்கவாதம் வந்து, 11 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பினார். "பிழைத்தாரே, அதுவே புண்ணியம்!" என்று தெருவே சந்தோஷப்பட்டது. அவருடைய மருமகள் மட்டும் வாசற்படியில் நின்று மெல்லக் கேட்டாள்: "ஆஸ்பத்திரியில் மாமாவைப் புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர் இருந்தார்கள். இங்கே நான் ஒருத்திதானே, அக்கா?"

சகோதரிகளே, இந்தக் கேள்வி உங்களில் எத்தனை பேருக்குப் பழக்கமோ!

நரம்பு டாக்டர் ஒரு சீட்டு எழுதினார். சர்க்கரை டாக்டர் இன்னொரு சீட்டு. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. கை காலுக்குப் பயிற்சி கொடுப்பவர் வேறோர் இடத்தில். உதவித் தொகைக்கு மனுக் கொடுத்தால், "டாக்டர் சர்ட்டிபிகேட் எங்கே?" என்கிறது ஆபீஸ். சர்ட்டிபிகேட் கேட்டால், "நோயாளியை அழைத்து வாருங்கள்" என்கிறது ஆஸ்பத்திரி. எழுந்து உட்கார முடியாதவரை எப்படி அழைத்துப் போவது? நோயாளி என்னவோ ஒருவர்தான். அவருக்கான உதவி துண்டு துண்டாகக் கிடக்கிறது. அந்தத் துண்டுகளைச் சேர்த்துத் தைப்பவள் இந்த மருமகள்தான். இரவில் அவள் தூங்குகிறாளா, அவளுக்கு முதுகு வலிக்கிறதா என்று யாரும் விசாரித்ததில்லை.

லண்டனில் ஸிஸிலி ஸாண்டர்ஸ் (1918–2005) என்று ஒரு மாது இருந்தார். முதலில் நர்ஸ். முதுகுக் கோளாறினால் அந்த வேலையை விட்டு, நோயாளிகளின் குடும்பக் கஷ்டங்களை விசாரித்து உதவும் ஆஸ்பத்திரி உத்தியோகத்துக்குப் போனார். பிறகு வைத்தியம் படித்து, 1957-இல் டாக்டரும் ஆனார். மூன்று பேர் பார்க்கும் வேலையை ஒருவரே பார்த்ததால் அவருக்கு ஒன்று விளங்கிற்று. உடம்பில் எடுப்பது மட்டும் வலி அல்ல. 'வாடகைக்கு என்ன செய்வது? குழந்தைகள் கதி என்ன?' என்ற கவலையும் வலிதான். 1967-இல் அவர் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற பராமரிப்பு இல்லத்தில், உடம்பையும் மனத்தையும் குடும்பத்தையும் சேர்த்தே கவனித்தார்கள்.

லண்டன் சங்கதி நமக்கு எதற்கு என்கிறீர்களா? பக்கத்திலிருக்கும் கோழிக்கோட்டுக்கு வாருங்கள். தீராத நோயாளிகளின் வலியைத் தணிக்க, 1993-இல் அங்கே மெடிகல் காலேஜ் டாக்டர்கள் சிலர் ஒரு சங்கம் தொடங்கினார்கள். நாளடைவில் அக்கம்பக்கத்தாரே தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். நர்ஸ் வீட்டுக்கே வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுவார். கூட வரும் தொண்டர், அடுப்பில் உலை ஏறியதா, குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று பார்ப்பார். 2008-இல் கேரள அரசு இந்தப் பராமரிப்புக்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. நம் தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளோடு கை கால் பயிற்சியும் வலி தணிக்கும் சிகிச்சையும் வீடு தேடி வர ஏற்பாடு செய்தார்கள். நல்ல காரியம். நோயாளியைத் தேடி வருகிறவர்கள், பக்கத்தில் நிற்பவளையும் ஒரு வார்த்தை விசாரித்தால் இன்னும் நல்லது.

நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியதும் உண்டு. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன், "சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?" என்று பெயரும் டெலிபோன் நம்பரும் எழுதி வாங்குங்கள். உதவித் தொகைக்கு வேண்டிய சர்ட்டிபிகேட் பற்றியும் அங்கேயே கேட்டுவிடுங்கள். புரட்டுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாவற்றையும் நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போதே உங்கள் கையால் ஒரு தரம் செய்து பாருங்கள். மருந்து, அளவு, டாக்டர்கள் சொன்னது எல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்த நோட்டை நீட்டுங்கள்.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போகிறோம். அடுத்த தடவை, "நான் 2 மணி நேரம் பார்த்துக் கொள்கிறேன், நீ போய்ப் படு" என்று சொல்லிப் பாருங்களேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தெருக்கோடி வீட்டில் நான் அப்படிச் சொன்னேன். அவள் படுக்கவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"தலை முழுகி இருபது நாளாச்சு, அக்கா" என்றாள்.