நிமிராத கண்கள்

இறைவன் அன்பே உருவானவன் என்பதைச் சைவரும் கிறிஸ்தவரும் ஒருங்கே ஒப்புவர். ஆயினும், வாய் ஒப்பியதை உள்ளம் ஏற்க மறுப்பதும் உண்டு. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பரின் வாழ்க்கை இதற்குச் சான்று.

1731இல் பிறந்த கூப்பர், ஆறு வயது நிரம்புமுன்னரே அன்னையை இழந்தார். விடுதிப் பாடசாலையொன்றிற் சேர்க்கப்பட்டார். அங்கே மூத்த மாணவன் ஒருவன் அவரை ஓயாது வதைத்தான். அவனை நிமிர்ந்து நோக்க அஞ்சிய சிறுவர், சப்பாத்தின் கொளுக்கியைக் கொண்டே அவனை அடையாளங் கண்டதாகப் பிற்காலத்தில் எழுதினார்.

வளர்ந்தபின் மனநோய் அவரைப் பற்றியது. 1773இல் கண்ட கனவொன்றால், கடவுள் தம்மைக் கைவிட்டார் என்றே துணிந்து, தேவாலய வழிபாட்டையும் விட்டார். 1779இல், அவரும் போதகர் ஜோன் நியூட்டனும் இயற்றிய ஞானப்பாடல்கள் நூலாக வெளிவந்தன. அவற்றைப் பாடிப் பலர் ஆறுதல் பெற்றனர். இயற்றியவரோ, இறைவனின் அன்பு பிறர்க்கே உரியது, தமக்கன்று என்ற துயருடனேயே 1800இல் மறைந்தார்.

நோயே முதற்காரணமாகலாம். எனினும், மனிதர் முகத்தை நோக்க அஞ்சிப் பழகிய கண், இறைவன் முகத்தை எளிதில் நோக்குமோ?

வகுப்பறையில் நாம் கடிந்துகொள்ளுங்கால், சில பிள்ளைகள் நம் காலடியையே பார்த்து நிற்பர். அதனைப் பணிவென்று கருதி நாம் மகிழ்ந்ததுண்டு. இனி அங்ஙனம் மகிழ்தல் இயலாது. இறைவனின் அன்பைப் பிள்ளைக்குப் போதிக்குமுன், அப்பிள்ளை நம் முகத்தை அச்சமின்றி நோக்குகின்றதா எனப் பெற்றோரும் ஆசிரியரும் பார்த்தல் வேண்டும்.