குழந்தை பார்ப்பது திறமை இல்லையா?

அண்மையில் ஒரு தாயாரும் மகளும் என் அலுவலகத்திற்கு வந்தார்கள். மகள் எஸ்பிஎம் முடித்துவிட்டு நான்கு ஆண்டுகளாக ஒரு தாஸ்காவில் வேலை செய்கிறார். கையில் முகவர் ஒருவர் கொடுத்த வண்ணத்தாள். 'ஆஸ்திரேலியாவில் குழந்தைப் பராமரிப்புப் படிப்பு, படித்ததும் வேலை, பிறகு பிஆர்' என்று அச்சடித்திருந்தது. நகையை அடகு வைக்கத் தாயார் தயாராக இருந்தார். கையெழுத்துப் போடுமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் வந்தார்களாம்.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முக்கியமான ஒன்று அதில் இல்லை. அந்த வேலையின் குறியீட்டு எண்!

வேலைக்கு எண்ணா என்று கேட்பீர்கள். ஆம். ஒவ்வொரு நாடும் தன் தொழில்களை எண் போட்டு, தரம் பிரித்து வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் 'ஆன்ஸ்கோ' பட்டியலில் முதல் தரம் மேலே, ஐந்தாம் தரம் கீழே. பாலர் கல்வி ஆசிரியரின் எண் 241111. அது முதல் தரம். குழந்தைப் பராமரிப்பாளரின் எண் 421111. அது நான்காம் தரம். இருவரும் ஒரே கூரையின் கீழ், ஒரே பிள்ளைகளோடு வேலை செய்பவர்களாக இருக்கலாம். ஆனால் முதலாளியின் தயவில்லாமல் புள்ளி அடிப்படையில் விண்ணப்பிக்கும் 189 விசாவின் தொழில் பட்டியலில் ஆசிரியர் இருக்கிறார், பராமரிப்பு நிலைய நிர்வாகி இருக்கிறார். பராமரிப்பாளர் இல்லை. தொழிற்கல்வி முடித்தவர் அங்கே தங்கி வேலை செய்யும் விசாவுக்கும் பட்டியலில் உள்ள தொழிலே வேண்டும். அதற்கும் 2024 ஜூலை முதல் வயது வரம்பு 35.

மாணவர் விசாக் கட்டணத்தையும் பாருங்கள். 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆனது. 2025 ஜூலையில் 2,000 ஆனது. விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பாது. இதையெல்லாம் வண்ணத்தாள் சொல்லுமா?

ஆஸ்திரேலியாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உலகத் தொழிலாளர் நிறுவனத்தின் தொழில் வகைப்பாடும் இப்படித்தான் பிரிக்கிறது. பாலர் கல்வியாளர் நிபுணர் பிரிவில். குழந்தைப் பராமரிப்பாளர் சேவை, விற்பனைப் பிரிவில். நம் நாட்டின் 'மாஸ்கோ' பட்டியல் அதன் அடிப்படையில் அமைந்ததே.

இந்த வேலை நமக்குப் புதிதல்ல. தோட்டத்தில் தாய்மார்கள் விடியுமுன் பிரட்டுக்குப் போனபோது பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? ஆயாக் கொட்டகையில். ஒரு கிழவி இருபது பிள்ளைகளுக்குப் பால் கலக்கி, காய்ச்சலைத் தொட்டுப் பார்த்து, தொட்டில் ஆட்டினாள். தோட்டத்தின் ரப்பர் கணக்கில் அவள் உழைப்பும் இருந்தது. ஆனால் அதைத் திறமை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பெண் என்றால் பிள்ளை பார்ப்பாள், அதற்கென்ன படிப்பு என்றார்கள். அந்த எண்ணம்தான் இன்று எண்ணாகி விசாப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது.

பட்டியலை நாளைக்கே நம்மால் மாற்ற முடியாது. ஆனால் நம் பெண்கள் ஏமாறாமல் பார்த்துக்கொள்ளலாம்.

முகவரிடம் பணம் கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். வேலையின் எண் என்ன? அது எந்த விசாவின் பட்டியலில் இருக்கிறது? நீங்கள் ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற குடிநுழைவு முகவரா? அந்தப் பதிவுப் பட்டியலை யாரும் இணையத்தில் பார்க்கலாம். அந்நாட்டுக்கு வெளியே இருந்து ஆலோசனை சொல்பவருக்கு அந்தப் பதிவு கட்டாயமில்லை என்பதையும் மறக்காதீர்கள். பழைய தாளையும் நம்பாதீர்கள். 2024 டிசம்பரில் ஆஸ்திரேலியப் புள்ளியியல் துறை 'ஓஸ்கா' என்ற புதிய வகைப்பாட்டை வெளியிட்டது. எண்கள் மாறக்கூடியவை.

அடுத்தது, அனுபவத்தைத் தாளில் ஏற்றுங்கள். வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, இபிஎஃப், சொக்சோ ஆகிய எல்லாம் சாட்சி. திறன் மேம்பாட்டுத் துறையின் பிபிடி திட்டம் வழி, வகுப்பறைக்குப் போகாமலே வேலை அனுபவத்தைக் காட்டி எஸ்கேஎம் சான்றிதழ் பெறலாம். தொடர்புடைய அனுபவம் உள்ளவர்கள் 20 வயது நிரம்பியிருந்தால் ஏபெல் வழி டிப்ளோமாவில் சேர விண்ணப்பிக்கலாம். டிப்ளோமாவுக்குப் பிறகு பட்டம். பராமரிப்பாளர் ஆசிரியராகும் பாதை அதுதான். வெளிநாடு போனாலும், போகாவிட்டாலும் அந்தத் தாள் உங்களுடையது.

அரசாங்கத்திற்கும் ஒரு கேள்வி. நான்கு பிள்ளைகளைச் சம்பளத்திற்குப் பார்த்தாலே பதிவு வேண்டும் என்கிறது 1984 ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம். பொறுப்பைச் சட்டம் போட்டுக் கேட்கிறீர்கள். அந்தப் பொறுப்பைச் சுமப்பவளுக்கு உரிய தரத்தையும் சம்பளத்தையும் எப்போது கொடுக்கப் போகிறீர்கள்?

தாயார் நகையோடு வீட்டுக்குத் திரும்பினார். மகள் பிபிடி விண்ணப்பம் பற்றி விசாரிக்கப் போயிருக்கிறார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண் இருக்கலாம். இன்றே அவளோடு உட்கார்ந்து பேசுங்கள்.