பீசாவுக்கு ஈப்போ போக வேண்டுமா?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் இப்போது கேட்பது பீசாதான். சித்தியவான், ஆயர் தாவார் தோட்டப்புற வீடுகளிலும் இதே பேச்சு. தாராளமாக வாங்கிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதற்கு முன்பு ஒருநாள் பிள்ளைகளைக் கம்போங் கோ பக்கம் அழைத்துப் போய் வாருங்கள்.

பீசா என்பது என்ன? இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகள் தெருவில் வாங்கிப் பசியாறிய ரொட்டி. தட்டிய மாவு, தக்காளி, பாலாடைக்கட்டி, அனல் பறக்கும் விறகடுப்பு. சூடு 450 டிகிரி செல்சியஸ் வரை ஏறும் அந்த அடுப்பில் ஒன்றரை நிமிடத்தில் ரொட்டி வெந்துவிடும். ருசியில் பாதி அடுப்பினுடையது.

அடுப்பின் ருசி ஏறிய ரொட்டி நம் சித்தியவானிலேயே இருக்கிறதே, சாப்பிட்டிருக்கிறீர்களா? 1903-ஆம் ஆண்டு மெதடிஸ்ட் திருச்சபையார் சீனாவின் பூச்சோவ் பகுதியிலிருந்து முந்நூறுக்கு மேற்பட்டவர்களை இங்கே குடியேற்றினார்கள். நெல் பயிரிட வந்தவர்கள், பிறகு ரப்பருக்கு மாறினார்கள். அவர்களோடு வந்ததுதான் கோங் பியான். வட்டமாகத் தட்டி எள் தூவிய மாவை, நாண் ரொட்டிபோல, சூடேறிய மண் அடுப்பின் உட்சுவரில் அறைந்து ஒட்டிச் சுடுவார்கள். பதினாறாம் நூற்றாண்டில் சீ சிகுவாங் என்ற தளபதியின் வீரர்கள், நடுவில் துளையிட்ட இந்த ரொட்டியைக் கயிற்றில் கோத்துச் சுமந்து போனார்கள் என்று ஒரு கதையும் உண்டு.

நூற்றிருபது ஆண்டுகளாக அவர்களும் நாமும் பக்கத்துப் பக்கத்தில் பால் வெட்டியவர்கள். அவர்களுடைய கடையில் கோப்பி குடித்திருக்கிறோம். அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ‘உள்ளே என்ன போட்டிருக்கிறார்களோ’ என்ற கூச்சம்தான். கூச்சம் எதற்கு? கேளுங்கள். வெங்காயத்தோடு பன்றி இறைச்சி வைத்துச் சுடுவதும் உண்டு; ஒன்றும் வைக்காத வெறும் ரொட்டியின் மாவிலும் கொழுப்புச் சேர்ந்திருக்கலாம். “அடா பாபி?” என்று மலாயில் கேட்டுவிட்டால் கடைக்காரர் கோபிக்க மாட்டார்.

பிள்ளைகள் ஸ்பகெட்டி என்றால் துள்ளுகிறார்கள். அதுவும் கோதுமை, பூச்சோவ்காரர்களின் மீ சுவாவும் கோதுமை. நூலாக இழுத்து வெயிலில் காயவைப்பார்கள். கோழியும் இஞ்சியும் போட்டு, புளுட் அரிசியில் வீட்டில் புளிக்கவைத்த சிவப்பு மதுவை ஊற்றிச் சூப்பாகத் தருவார்கள். நம் பாட்டிமார் பிரசவ மருந்து இடித்துக் கொடுப்பதைப்போல, பிள்ளை பெற்றவளுக்கு அவர்கள் வீட்டில் இதுதான். மதுவைத் தொடாதவர்களும், சிறு பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களும் வேறு மீ கேட்டு வாங்குவது நல்லது.

சரி, பீசாவுக்கு வருவோம். அதற்காக ஈப்போவுக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை, ஸ்ரீ மஞ்சோங்கிலேயே கிடைக்கிறது. இங்கேயும் கேட்க வேண்டியது உண்டு. ஹலால் பலகை பன்றி இல்லை என்பதற்குத்தான் உறுதி, மாட்டிறைச்சி இல்லை என்பதற்கல்ல. பெப்பரோனி என்று மேலே வட்டம் வட்டமாக இருப்பது இங்கே பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் பாட்டிக்குக் காளான், அன்னாசி போட்டதைத் தனியாகச் சொல்லுங்கள்.

காசு விஷயம். ஒன்பது அங்குலத்துக்கும் பன்னிரண்டு அங்குலத்துக்கும் மூன்று அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும். பரப்பைக் கணக்குப் போட்டால் பெரியது சிறியதைப்போல் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. விலையும் அந்த அளவுக்குக் கூடுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கோங் பியானைச் சூடாகவே தின்றுவிட வேண்டும், ஆறினால் இறுகிவிடும். மிஞ்சியதை எறிந்துவிடாதீர்கள். மறுநாள் தோசைக்கல்லில் வைத்து மூடி, இளந்தீயில் சூடுகாட்டி, கோழிக்குழம்பில் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள்.