பனிக்கால ஏரியில் நீச்சல் கைகொடுக்காது

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் இலையுதிர் காலம் வந்த உடனே எல்லாப் படகுகளும் கரையேறிவிடுவதில்லை. வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள், தூண்டில் போடுகிறவர்கள், கயாக் ஓட்டுகிறவர்கள் எனப் பலர் ஏரி உறையும் வரை தண்ணீரில் இருப்பார்கள். ஏப்ரலில் பனிக்கட்டி உருகியதும் மறுபடி இறங்குவார்கள். டொரண்டோ வட்டாரத்தில் குடியேறிய ஈழத்தமிழர்களுக்கும் ஒன்டாரியோ ஏரி இன்று வாசலில் கிடக்கும் நீர்நிலைதான். கனடாவின் சிறு படகு விதிமுறைகள், படகில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், அவரவர் உடலுக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும் என்கின்றன. அது படகில் இருந்தால் போதும். உடம்பில் இருக்க வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் இல்லை. வெதுவெதுப்பான ஜூலை மாதத்துத் தண்ணீரில் இந்தச் சலுகைக்கு ஏதாவது நியாயம் சொல்லலாம். நீர் குளிர்ந்து கிடக்கும் மாதங்களில் எந்த நியாயமும் இல்லை. அந்த மாதங்களில் சிறு படகில் ஏறும் எவரும் லைஃப் ஜாக்கெட்டை அணிந்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும்.

குளிர்நீரில் விழுந்தவர் உடல் விறைத்துத்தான் சாகிறார் என்று பொதுவாக நம்புகிறோம். இந்த நம்பிக்கையைத் தகர்த்தவர்களில் ஒருவர் மானிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட். பனிநீரில் தாமே இறங்கிச் சோதனைகள் செய்த அவர், விழுந்தவருக்கு நடப்பதை மூன்று எண்களில் அடக்கினார்: 1, 10, 1. முதல் 1 நிமிடம் மூச்சுக்கான போராட்டம். தோலில் திடீரென்று குளிர் பட்டதும் வாய் தானாகத் திறந்து, பெருமூச்சு உள்ளே போகிறது. தொடர்ந்து மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கிறது. முதல் பெருமூச்சின்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் போவது தண்ணீர்தான். அதைத் தாண்டியவருக்குக் கை கால்கள் சொன்னபடி கேட்பது ஏறத்தாழ 10 நிமிடம். உள்ளுறுப்புகளின் சூட்டைக் காக்க உடல் கைகால்களுக்கான ரத்த ஓட்டத்தைச் சுருக்கிவிடுவதால் விரல்கள் மரத்து, தசைகள் வலுவிழக்கின்றன. பனிக்கட்டி மிதக்கும் நீரில்கூட, உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். மிதக்க வழியில்லாத பெரும்பாலோர் அந்த மணி நேரத்தைப் பார்ப்பதே இல்லை. முதல் சில நிமிடங்களிலேயே மூழ்கிவிடுகிறார்கள்.

இருக்கைக்கு அடியில் கிடக்கும் லைஃப் ஜாக்கெட்டை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். நவம்பர் காலையில் ஒரு சிறிய அலுமினியப் படகு. வலையை எட்டி எடுக்க ஒருவர் எழுந்து நிற்கிறார், படகு சாய்கிறது, தலைகுப்புற விழுகிறார். ஜாக்கெட் படகோடு நகர்ந்துவிடலாம். அதிர்ஷ்டவசமாகப் பக்கத்திலேயே மிதந்து வந்தாலும், அலையில் அதைப் பிடித்து, கனத்துப்போன கோட்டின் மேல் கையை நுழைத்து, ஜிப்பை இழுத்து, பக்கிளைப் பூட்ட வேண்டும். மூச்சு இரைக்கும் முதல் நிமிடத்தில் அது முடியாது. விரல் மரத்த பிறகும் முடியாது. அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் கணக்கு இதற்குச் சாட்சி. 2023-இல் அந்நாட்டின் உல்லாசப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள். இறப்புக்கான காரணம் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நீரில் மூழ்கியவர்கள். அப்படி மூழ்கியவர்களில் 87 விழுக்காட்டினர் ஜாக்கெட் அணியாதவர்கள். இது எல்லாப் பருவத்துக்குமான கணக்கு. நீந்திக் கரைசேரும் வாய்ப்பு அற்றுப்போகும் குளிர்நீரில் ஜாக்கெட் இல்லாதவர் நிலை இன்னும் மோசமாகத்தானே இருக்கும்?

இப்படியொரு சட்டம் நடைமுறைக்கு ஒத்துவராது என்பவர்கள் எல்லைக்கு அப்பால் பார்க்கலாம். நியூயார்க் மாநிலத்தில் நவம்பர் 1 முதல் மே 1 வரை 21 அடிக்குக் குறைந்த படகில் இருக்கும் எல்லோரும் ஜாக்கெட் அணிய வேண்டும். பென்சில்வேனியா 2012 முதல், நவம்பர் தொடங்கி ஏப்ரல் முடியும் வரை, 16 அடிக்குக் குறைந்த படகுகளுக்கும் எல்லா கனூ, கயாக்குகளுக்கும் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அங்கெல்லாம் மீன்பிடிப்பும் வேட்டையும் நின்றுவிடவில்லை. ஒன்டாரியோ ஏரியின் தென்கரையில் பெரும்பகுதி நியூயார்க்கினுடையது, வடகரை கனடாவினுடையது. ஒரே நீர், ஒரே குளிர். தென்கரையில் அணியாதது குற்றம், வடகரையில் அது தனிமனிதர் விருப்பம். இதில் கனடா ஒருபடி மேலே போகலாம். காற்று சூடாகும் வேகத்தில் பெரிய ஏரிகள் சூடாவதில்லை. வெயில் இதமாக அடிக்கும் மே மாதத்திலும் ஏரியின் நடுப்பகுதி ஆபத்தான குளிரில்தான் இருக்கும். சட்டை மெலிந்து துணிச்சல் கூடும் அந்த மாதத்தையும் சேர்த்து, நவம்பர் 1 முதல் மே 31 வரை, 6 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு இந்தக் கட்டாயம் வேண்டும்.

எதிர்வாதங்கள் மூன்று. நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கு எதற்கு ஜாக்கெட் என்பது முதலாவது. வெதுவெதுப்பான குளத்தில் கிலோமீட்டர் கணக்கில் நீந்துபவருக்கும் தோல் ஒன்றுதான், ரத்தக்குழாய் ஒன்றுதான். மரத்த கைக்குப் பழைய பதக்கங்கள் உதவாது. அடுத்தது, உயிரைப் பணயம் வைப்பது அவரவர் சுதந்திரம் என்பது. ஒன்டாரியோ 1976 ஜனவரியில் கார்களில் சீட் பெல்ட்டைக் கட்டாயமாக்கியபோதும் இதே குரல் எழுந்தது. இன்று அதைப் பறிபோன சுதந்திரமாக யாரும் நினைப்பதில்லை. மேலும், விழுந்தவரைத் தேடிக் குளிர்நீருக்குப் போகும் மீட்புப் படையினரின் உயிரும் பணயத்தில் சேர்கிறது. அது விழுந்தவருடைய சொத்து அல்லவே.

மூன்றாவது வாதம்தான் வலுவானது. ஜாக்கெட் மிதக்க வைக்கும், குளிரைத் தடுக்காது. 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது ஜாக்கெட் அணிந்தபடியே நூற்றுக்கணக்கானோர் உறைநீரில் மடியவில்லையா என்கிறார்கள். மடிந்தார்கள். ஆனால் அவர்கள் நடுக்கடலில் இருந்தார்கள். கப்பல் மூழ்கி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகே கார்பாத்தியா கப்பல் வந்து சேர்ந்தது. கரை கண்ணுக்குத் தெரியும் ஏரியில் உதவி அதற்குள் வந்துவிட வாய்ப்பு அதிகம். அதுவரை முகத்தைத் தண்ணீருக்கு மேல் வைத்திருப்பதுதான் ஜாக்கெட்டின் வேலை. அது மட்டும் போதாது என்பது உண்மை. புறப்படும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், போன் நீர்புகா உறையில் உடம்போடு இருக்க வேண்டும், கயாக் ஓட்டுகிறவர் நீர் புகாத உடையான டிரை சூட் அணிய வேண்டும், மதுவைத் தொடக்கூடாது, கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தாமல் அதன் மேல் ஏறிக்கொள்ள வேண்டும். முதல் நிமிடத்தில் உயிர் தப்பியவருக்குத்தான் இவற்றில் பெரும்பாலானவை பயன்படும்.

படகுப் போக்குவரத்து கனடாவில் மத்திய அரசின் அதிகாரம் என்பதால் ஒட்டாவாதான் இதைச் செய்ய வேண்டும். புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே படகில் இருந்தாக வேண்டிய பொருளை உடுத்தச் சொல்கிறோம், அவ்வளவுதான். சட்டம் வரும்வரை காத்திருக்கும் அவசியமும் நமக்கில்லை. கரையில் நிற்கும்போதே ஜாக்கெட்டை மாட்டி, பக்கிளைப் பூட்டுங்கள். உடன் வருபவர் பூட்டும்வரை படகை அவிழ்க்காதீர்கள்.